டீசல் மூடிய கிணறு

சண்முகவள்ளி வீட்டில் மூன்று விதமான தண்ணீர் உண்டு. கொல்லையில் இருக்கும் அடிபம்பில் வருவது உவர்ப்பு. பாத்திரம் கழுவ, துணி அலச ஆகும், வாயில் வைக்க ஆகாது. குடிப்பதற்கு, வேன் வண்டியில் வருகிற தண்ணீரைக் குடம் குடமாக வாங்கிப் பானையில் ஊற்றி வைப்பாள். மூன்றாவது, பெட்டிக்கடையில் வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் மூடி திறக்காத பாட்டில். கணக்கெடுக்க வருகிறவர்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள், நிலம் விசாரிக்க வருகிற தரகர்கள் ஆகியோருக்கு அது. அப்படி வந்த ஒருவர் சொம்பை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனதை ஒரு நாள் அவள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. அசலூர்க்காரனுக்குப் பாட்டில், சொந்தக்காரனுக்குச் சொம்பு.

அவளுடைய தம்பி தவசிக்கு எப்போதும் சொம்புதான். திருச்சியில் இருந்து வந்து இறங்கி, செருப்பைக் கழற்றும் முன்பே சொம்பு கைக்கு வந்துவிடும். அவன் குடித்து முடிக்கும்வரை அக்காள் எதிரிலேயே நிற்பாள். தாய் இல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவனுக்கு எழுபது நெருங்கி முன்வாய்ப் பற்கள் போன பிறகும் அவள் கண்ணுக்கு அவன் இடுப்பிலிருந்து இறங்கவே இல்லை.

பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில், தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கிற சின்ன ஊர் பூவலேந்தல். அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத்தான். எங்கேயாவது அபூர்வமாக ஒரு நல்ல ஊற்று வாய்க்கும். அப்படி வாய்த்த கிணறு சண்முகவள்ளியின் அய்யாவுக்கு இருந்தது. கோடையில்கூட அடியில் ஆள் முழுகும் அளவு தண்ணீர் நிற்கும். கிணற்றையும் அதைச் சுற்றிய நிலத்தையும் மகளுக்கு என்று அவர் வாயாரச் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பித்தான் அதே ஊர்ச் சோணைமுத்துவுக்கு அவன் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, எதையும் சொல்வார்கள். ஆனால் அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

அந்தக் காலத்தில் ராமேஸ்வரம் ரயிலை இழுத்தது நிலக்கரி எஞ்சின். அதற்குக் கரி எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தண்ணீரும் வேண்டும். அந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி வீட்டுப் பானையின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதே மாதிரி எஞ்சினின் வயிற்றிலும் பிடித்துவிடும். பிறகு எவ்வளவு கரி போட்டாலும் சூடு ஏறாது, பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும். ஒரு பஞ்ச வருஷத்தில் ரயில்காரர்களின் பழைய கிணறு உப்பாகிப் போனது. ஊர் ஊராக நல்ல தண்ணீர் தேடி வந்தவர்கள் பூவலேந்தல் கிணற்றில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்கள். மறுபடி வந்தபோது கிணற்றையே கேட்டார்கள்.

அய்யா இரண்டு கேட்டார். மகனுக்கு ரயிலில் வேலை. ரயில் ஓடுகிற மட்டும் ஊருக்கு ரயில்வே வேலிக்கு வெளியே ஒரு குழாய். இரண்டுக்கும் சரி என்றார்கள். மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளித்தார்கள். சண்முகவள்ளிதான், கிணறு எங்கேயும் போகப் போவதில்லை, இங்கேயேதான் இருக்கும், தம்பிக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று சொல்லித் தன் பங்கை விட்டுக் கொடுத்தாள். வற்புறுத்தி யாரும் வாங்கவில்லை. அவளாகக் கொடுத்தாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தவசி அந்தக் கிணற்றுக்கே பம்ப் ஓட்டுகிறவனாகச் சேர்ந்தான். கிணற்றுத் தண்ணீர் மேலே தொட்டிக்குப் போகும். தொட்டியிலிருந்து தண்டவாளத்தின் ஓரம் நிற்கும் இரும்புத் தூணுக்கு வரும். தூணின் தலையில் திரும்பக்கூடிய பெரிய குழாய் ஒன்று தொங்கும். ஊர்ப் பெண்கள் அதைத் தும்பிக்கை என்பார்கள். ரயில் வந்து நின்றால் தும்பிக்கையைத் திருப்பி எஞ்சினின் தொட்டிக்குள் விடுவார்கள். தண்ணீர் நிரம்பும்வரை ரயில் நிற்கும். ஸ்டேஷன் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்பதால் ஊர் சனம் ஏறி இறங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

எஞ்சின் ஓட்டி வருகிறவர்களில் வாவு முகம்மது என்று ஒருவர். கீழக்கரைக்காரர். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் கப்பல், துபாய் என்று போக, இவர் மட்டும் கரி அள்ளி, நெருப்பில் வெந்து, படிப்படியாக டிரைவர் ஆனவர். எஞ்சின் நிரம்பியதும் தும்பிக்கையை உடனே மூடமாட்டார். வழிகிற தண்ணீரைப் பெண்கள் குடத்தில் பிடித்துக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே கரியைக் கிளறிக்கொண்டு நிற்பார். ஆடி வெள்ளிக்குப் பெண்கள் இரும்புத் தூணுக்கு மஞ்சள் பூசிப் பொங்கல் வைப்பார்கள். படைத்த பொங்கலில் ஒரு இலை வாவு முகம்மதுக்குப் போகும். எஞ்சின் தின்னாது, அதுக்குப் பதிலா நான் தின்னுக்கிறேன் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

அந்த எஞ்சினால் தொல்லையும் இல்லாமல் இல்லை. அது கக்கிப் போகும் தீப்பொறி காற்றில் பறந்து வந்து கூரையில் விழும். ஒரு சித்திரையில் சோணைமுத்துவின் வைக்கோல் போர் முழுக்க எரிந்து மாட்டுக்குத் தீனி இல்லாமல் போனது. அதனால் டீசல் எஞ்சின் வரப்போகிறது என்று தவசி வந்து சொன்னபோது ஊரே சந்தோஷப்பட்டது. கரி எங்கேயோ வடக்கிலிருந்து வந்து சேர வேண்டும். காலையில் எஞ்சின் கிளம்ப முந்திய ராத்திரியே நெருப்பு மூட்ட வேண்டும். சாம்பல் அள்ள ஆள், கரி தள்ள ஆள், வயிற்றில் உப்புச் சுரண்ட ஆள். டீசலுக்கு இதெல்லாம் கிடையாது, பஸ் மாதிரி முடுக்கினால் கிளம்பிவிடும், பொறியும் பறக்காது என்று தவசி விளக்கினான். எல்லாம் உண்மை. அதற்குத் தண்ணீருக்காக நிற்க வேண்டிய அவசியமும் இல்லை என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

முதல் டீசல் வந்த நாளை நினைத்தால் பூவலேந்தல்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். சண்முகவள்ளி முன்னால் நிற்க, பெண்கள் ஆரத்தித் தட்டும் வேப்பிலை மாலையும் தேங்காயுமாகத் தும்பிக்கைக்குப் பக்கத்தில் கூடினார்கள். புது எஞ்சினுக்கு முதல் தண்ணீர் என்று தூணுக்குக் குங்குமம் வேறு. எல்லாருடைய இடுப்பிலும் குடம். டீசல் வந்தது. புகைக்காமல், பொறி கக்காமல், அழகாகவே வந்தது. வந்த வேகத்திலேயே ஊதிக்கொண்டு போய்விட்டது. கையில் ஏந்திய கற்பூரம் அணைந்துபோனது. இந்தப் புது எஞ்சின் தாகம் எடுக்காத சாதி என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் பம்ப் நின்றது. கிணற்றின் மேல் சிமெண்டுப் பலகை போட்டு மூடினார்கள். வேலிக்கு வெளியே இருந்த குழாய் காய்ந்தது. ஊர் தவசியிடம் கேட்டது. வேறு யாரிடம் கேட்கும். டீசல் வந்துவிட்டால் கிணற்றை மூடியாக வேண்டும், அது ரூல், மேலேயிருந்து உத்தரவு என்று அவன் சொன்னான். அவன் முகம் வாடியிருந்தது. பம்ப் இல்லாததால் தனக்கும் இங்கே வேலை இல்லை, திருச்சியில் டீசல் எஞ்சின் பார்க்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். அக்காள் அழுதுகொண்டே முறுக்குச் சுட்டுக் கட்டிக் கொடுத்தாள். கிணற்றுக்காகப் பாதி அழுதாள் என்றால் தம்பிக்காக மீதியை அழுதாள்.

அவள் புருஷன் சோணைமுத்து சும்மா இருக்கவில்லை. ரயில் ஓடுகிற மட்டும் குழாய் என்றுதானே பேச்சு, ரயில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, நாலு பேர் சேர்ந்து பெரிய ஆபீசுக்குப் போய்க் கேட்போம் என்று ஊரில் ஆள் திரட்டினான். கிளம்புகிற நாளில் அவனை வாசலில் மறித்தவள் சண்முகவள்ளி. மேலதிகாரியிடம் போய் மல்லுக்கு நின்றால் தம்பியின் உத்தியோகத்துக்குக் கேடு வரும் என்றாள். அவன் ரயிலுக்குள்ளேயே இருக்கிறவன், அவனுக்குத் தெரியாத ரூலா நமக்குத் தெரியப்போகிறது என்றாள். சோணைமுத்து முறைத்தான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மிளகாய்க் காட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

பெண்கள் கண்மாயில் இறங்கி ஊற்றுத் தோண்டினார்கள். தோண்டின குழியில் கண்ணீர் மாதிரி கசியும். கொட்டாங்குச்சியால் அரை அரையாகக் கோரிக் குடத்தில் விட வேண்டும். ஒருத்தி நகர்ந்தால் அடுத்தவள் உட்கார்ந்துவிடுவாள். அதனால் குழியைக் காக்க வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும். சண்முகவள்ளியின் வீட்டில் அந்த ஆள் மகள் சுகந்தி. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைப் பாட்டு மாதிரி சொல்கிற பிள்ளை. கண்மாய்க் குழியோரம் உட்கார ஆரம்பித்த வருஷம் அவளுடைய படிப்பு நின்றது. ரொம்ப நாளைக்குக் குழி ஓரத்தில் உட்கார்ந்து மண்ணில் கணக்குப் போட்டு அழித்துக்கொண்டிருப்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

சண்முகவள்ளி யாரைத் திட்டினாள். டீசலைத் திட்டினாள். தண்டவாளத்தில் அது ஊதிக்கொண்டு போகும்போதெல்லாம் மண்ணை வாரித் தூற்றினாள். விளங்காத எஞ்சின், தாகம் அறியாத சனியன், என் பிள்ளை படிப்பைத் தின்ன மூதேவி. பேரன் பேத்தி எடுத்த பிறகும் திட்டு ஓயவில்லை. சின்னத் தண்டவாளத்தைப் பிடுங்கி அகலத் தண்டவாளம் போட்டார்கள், அப்போதும் டீசல்தான். தும்பிக்கைத் தூணை வெட்டி எடுத்துப் போனார்கள். அவள் திட்டுவதற்கு எஞ்சின் மட்டும் மிஞ்சியது. நடுவில் தவசி ஊருக்கு வந்துபோய்க் கொண்டிருந்தான். சுகந்திக்குத் தாய்மாமன் சீரை ஒரு குறையும் இல்லாமல் செய்தான். சடங்குக்கும் கலியாணத்துக்கும் அவன் கொண்டு வந்த தட்டுகளைப் பார்த்து ஊர் வாயைப் பிளந்தது. ஏன் இவ்வளவு செய்கிறான் என்று யாரும் யோசிக்கவில்லை. பாசம் என்று நினைத்தார்கள்.

சோணைமுத்து காலமானான். தண்டவாளத்தின் மேல் கம்பி கட்டினார்கள். இப்போது கரண்டில் ஓடுகிற எஞ்சின். டீசலும் போய்விட்டது.

சுகந்தியின் பேரனுக்குக் காதுகுத்து வைத்தது போன ஆவணியில். வீட்டின் முன் பந்தல் போட்டிருந்தார்கள். தவசிக்கு நடுநாயகமாகப் பிளாஸ்டிக் நாற்காலி. அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம், கரியை விட்டு ஏன் டீசலுக்கு மாறினார்கள் என்று பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தான். கரி, சாம்பல், உப்பு, எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, இப்போது டீசலையும் ஓரம் கட்டிவிட்டார்களே என்று குமுறினான். காலம் பூராவும் உழைத்த எஞ்சினை இப்படியா கைவிடுவது, நன்றி கெட்ட உலகம் என்றான். நன்றியைப் பற்றிப் பேச அன்றைக்கு அவனுக்குத்தான் வாய் வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தன் மருமகனின் கையைப் பிடித்து இறங்கியவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சண்முகவள்ளிக்குத் தெரிந்துவிட்டது. வாவு முகம்மது. தாடி பஞ்சாக வெளுத்திருந்தது, கண்ணில் கனத்த கண்ணாடி. ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் இருந்த சுகந்தியின் மகளோடு பேசியதில் ஊரும் வீடும் தெரிந்து, விசேஷத்துக்குச் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு தூரம் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. சண்முகவள்ளி பானைத் தண்ணீரைச் சொம்பில் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் முகரவில்லை. பிஸ்மி என்று அல்லாவின் பெயரைச் சொல்லிவிட்டு மூன்று மூச்சில் குடித்தார்.

பந்தலில் சத்தமாக இருந்ததால் அவரைச் சமையல்கட்டை ஒட்டிய தாழ்வாரத்தில் உட்கார வைத்தாள். ஊர் நிலவரம் கேட்டார். குடிக்கிற தண்ணீர் வேனில்தான் வருகிறது என்றாள் அவள். அதற்கு அவர், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்றால் ஒன்று கேட்கிறேன், மவுத்து வந்து கண்ணை மூடும் முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது என்றார்.

"அந்தக் கெணத்த வேணாமுன்டு ஏன் தங்கச்சி சொன்னீக?"

அவளுக்குப் புரியவில்லை. யார் வேண்டாம் என்றது, டீசல் வந்தால் மூட வேண்டும் என்று ரூல் ஆச்சே என்றாள்.

"அப்படி எங்கன ரூல் இருந்துச்சு? ரயில்வே இன்ஸ்பெக்டரு என் முன்னாலதான் தவசிகிட்டக் கேட்டாரு. எஞ்சினுக்குத் தேவையில்ல, ஆனா பேச்சு குடுத்தாச்சு, பம்ப ஊருக்காக ஓட்டிக்கிட்டு நீ இங்கனயே இருன்டாரு. ஊர்க்காரகளுக்கு வேற தண்ணி இருக்கு, அவுகளே வேணாங்குறாகன்டு தவசி சொன்னான். எனக்கு நெஞ்சே விட்டுப்போச்சு. நான் பிடிச்சுக் குடுத்த தண்ணி கசந்துபோச்சாக்கும்ன்டு நெனச்சேன். அதான் அப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல."

சண்முகவள்ளி பந்தல் பக்கம் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். ஊரிடம் ரயில் மூடச் சொல்கிறது என்று சொன்னவன், ரயிலிடம் ஊர் மூடச் சொல்கிறது என்று சொல்லியிருக்கிறான். இரண்டு பக்கமும் அவனை நம்பியிருக்கிறது. இவ்வளவு காலம் ஒரு வாயில்லாத இரும்பைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். திட்டு போய்ச் சேர வேண்டியவன் அவள் கையால் சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போன சோணைமுத்துவின் முகம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவனை விட்டிருந்தால் அந்த ஆபீசில் ஒரே கேள்வியில் எல்லாம் வெளுத்திருக்கும். மறித்தது அவள். தம்பிக்காக மறித்தாள். 

வாவு முகம்மதுக்கு விஷயம் அவள் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. அல்லாவே என்று முனகினார். சாப்பிட்டு, குழந்தைக்கு ஆசி சொல்லி, கிளம்பும்போது தவசியின் பக்கம் திரும்பாமலே காரில் ஏறினார்.

அவள் விசேஷத்தைக் கெடுக்கவில்லை. பிள்ளைக்குக் காது குத்தி, அழுகையை அமர்த்தி, வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்பினாள். வெயில் தாழ்ந்து பந்தல் காலியானது. தவசி மட்டும் நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவள் எதிரில் போய் நின்றாள். பந்தல் பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்த சுகந்தி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

கிணற்றை மூடச் சொன்னது யார் என்று சண்முகவள்ளி கேட்டாள். அவன் முதலில் ரூல் என்றான். பாய் சொல்லிவிட்டார் என்றதும் தலையைக் கவிழ்த்தான். 

"அந்தக் கெணத்தோட என்னையும் சேத்துக் கட்டிப் போட்டுட்டீகக்கா. பம்பு இருந்தா நான் இங்கனயே கெடக்கணும். எனக்கு வெளிய போகணும்னு இருந்துச்சு. டீசல் வேல படிக்கணும்னு இருந்துச்சு."

"போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, போடான்னு சொல்லியிருப்பேன்ல. உங்க மச்சான் பம்ப ஓட்டியிருப்பாரு, இல்ல வேற எவனாச்சும் ஓட்டியிருப்பான்." அவள் குரல் உயரவில்லை. "நீ போனது சரி. கெணத்த ஏன்டா கொண்டு போன?"

 சின்ன வயசு, புத்தி இல்லை, அதைச் சரிக்கட்டத்தானே சுகந்திக்கு எல்லாச் சீரும் பார்த்துப் பார்த்துச் செய்தேன் என்று என்னென்னவோ சொன்னான். சுகந்தி கையில் இருந்த அண்டாவைக் கீழே வைத்தாள். அவள் மாமனைப் பார்த்துப் பேசவில்லை, தரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சீரு யாரு மாமா கேட்டா? நான் பள்ளிக்கூடத்துக்குல்ல போகணும்னு அழுதேன்."

தவசிக்கு இருமல் வந்தது, நிற்கவில்லை. அக்கா, ஒரு சொம்பு தண்ணி குடு என்றான். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான்.

பழக்கதோஷத்தில் அவளும் உள்ளே போனாள். பானைக்குப் பக்கத்தில் சொம்பு கவிழ்த்து வைத்திருந்தது. கை அதுவரைக்கும் போனது. பிறகு திரும்பி அலமாரியைத் திறந்து, மூடி திறக்காத ஒரு பாட்டிலை எடுத்து வந்து அவனுடைய நாற்காலியின் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை நிற்காமல் உள்ளே போய்விட்டாள். சுகந்தியும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

தவசி பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எடுத்து மூடியைத் திருகினான். புது மூடி இறுகியிருந்தது, திறக்கவில்லை. திறந்து கொடுக்க யாரும் வரவில்லை.